கர்ப்பப்பை அறுவைக்குப் பின் வரும் மறதி: எதிலிருந்து தொடங்கிப் பார்ப்பது

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களைக் காண்பது அரிதன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் இந்த அறுவை மிகுந்த மாநிலங்களில் ஒன்றாக ஆந்திரம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் அடுப்பில் வைத்த பாலை மறந்தாலோ, நன்கு தெரிந்த பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டாலோ, வீட்டார் உடனே வயதின்மேல் பழியைப் போடுகிறார்கள். இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

முதலில் தேடி எடுக்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்பதை அதில் பாருங்கள், ‘பி.எஸ்.ஓ.’ என்ற எழுத்துகள் இருந்தால் எடுக்கப்பட்டுவிட்டன என்று பொருள். ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று தமிழில் சொன்னாலும் ‘கர்பசஞ்சி தீசேசாரு’ என்று தெலுங்கில் சொன்னாலும் சினைப்பைகளின் கதி தெரியாது. காகிதம் தொலைந்திருந்தால், எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையைக் கொண்டு, சினைப்பைகள் வேலை செய்கின்றனவா என்பதை மருத்துவர் கணிப்பார்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாங்கிகள், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியிலும் இருக்கின்றன. 1990இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலி, புரூஸ் மெக்யூவன் முதலியோர் பெண் எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் நான்கைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே, அப்பகுதி நரம்பணுக்களில் தொடர்பு ஏற்படும் நுண்முட்கள் இந்த ஹார்மோனோடு சேர்ந்து கூடிக் குறைவதைக் கண்டார்கள். இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளில் ஏறி இறங்கிக் குறைகிறது. அப்போது வரும் மறதி பெரும்பாலோருக்கு நாளடைவில் தணிகிறது. சினைப்பைகளை எடுத்தவர்களுக்கோ சில நாள்களிலேயே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடுகிறது. இளவயதில் இப்படி இழந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு 2007இல் காட்டியது.

அடுத்து, ஒரு மாதத்துக்கு நோட்டில் எழுதி வையுங்கள்: எது மறந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், உடம்பு தகித்து வியர்த்ததா. தூக்கம் கெட்டதனால் மட்டுமே வரும் மறதியும் உண்டு. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவற்றின் கோளாறுகளும் மறதியைத் தரும், மருந்துக்கும் கட்டுப்படும்.

ஹார்மோன் மாத்திரையை யாருடைய பேச்சையும் கேட்டுக் கடையில் வாங்காதீர்கள். 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில், டிமென்ஷியா என்ற நினைவிழப்பு நோய் ஏறத்தாழ இரு மடங்கானது என்று 2003இல் தெரியவந்தது. ஆனால் 45 வயதுக்குள் சினைப்பைகளை இழந்தவருக்கு, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திராவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. எலும்பும் இதயமும் அதற்கு முக்கியக் காரணங்கள். முடிவு மகப்பேறு மருத்துவருடையது. சித்தூருக்கோ வேலூருக்கோ போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, நோட்டு, தினமும் விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகள் மூன்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். பழகிய தெருவிலேயே வழி தவறினால் அந்த ஒரு மாதம் வரை காத்திருக்க வேண்டாம்; திடீரென்று பேச்சு குழறினால் அந்த நொடியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.