எறியும் முன் பாருங்கள்: பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பார்க்கில் நடந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். மரங்களுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கூடை. அதற்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் சங்கிலிகள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் கேள்வியே "இது என்னப்பா, குப்பைத் தொட்டியா?" என்பதுதான். அப்படி நினைத்து வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அது டிஸ்க் கோல்ஃப் கூடை. ஆட்டம் கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. மேடையிலிருந்து எறிகிறோம், விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி எறிகிறோம். எத்தனை குறைந்த எறிதல்களில் கூடைக்குள் போடுகிறோமோ அத்தனை நல்லது. ஃபுல்டன் தெருவுக்கும் ஜான் எஃப். கென்னடி டிரைவுக்கும் இடையில், 25ஆம் அவென்யூவிலிருந்து 30ஆம் அவென்யூ வரை 18 கூடைகள். 2005 முதல் நிரந்தர மைதானமாக இருக்கிறது. காசு கிடையாது, யாரும் போய் ஆடலாம்.

வேலியும் கிடையாது. நாயோடு நடப்பவர்கள், ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு வருபவர்கள், போர்வை விரித்துப் படுத்திருப்பவர்கள் எல்லோரும் அதே மரங்களுக்கு அடியில்தான் இருப்பார்கள். புதிதாக ஆட வருகிறவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் கை செய்யும் தவறு குறைவு. கண் செய்யும் தவறுதான் அதிகம்.

முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். பீச்சில் குழந்தைகள் வீசி விளையாடும் ஃப்ரிஸ்பீ அல்ல இது. அதைவிடச் சின்னது, சுமார் 21 சென்டிமீட்டர் குறுக்களவு. விளிம்பு சரிந்து கூர்மையாக இருக்கும். எடை பெரும்பாலும் 165 முதல் 175 கிராம். கிரிக்கெட் பந்தே 156 முதல் 163 கிராம்தான். கிரிக்கெட் பந்தைவிடக் கனமான, விளிம்பு வைத்த ஒன்றை நாம் பூங்காவில் வீசுகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் ஆட ஆரம்பித்த புதிதில் ஒருநாள், எறியும் மேடையில் நின்று கூடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் யாரும் இல்லை. எறிந்தேன். தட்டு நேராகப் போகவில்லை, இடது பக்கம் சரிந்தது. அங்கே ஒரு பெரிய சைப்ரஸ் மரம். அதன் பின்னாலிருந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்று எதையோ பொறுக்கிக்கொண்டு குனிந்தபடி வெளியே வந்தது. தட்டு நாலடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு மேல் ஆடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் தவறு இதுதான்: தட்டு போக வேண்டும் என்று நான் நினைத்த பாதையைப் பார்த்தேன், அது போகக்கூடிய இடத்தை எல்லாம் பார்க்கவில்லை. வலது கையால் பேக்ஹேண்ட் வீசினால், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசினால், தட்டு கடைசியில் இடது பக்கம் சாயும். கை நழுவினால் வலது பக்கம் பறக்கும். அதனால் கூடையை நோக்கி விசிறி மாதிரி விரிந்த ஒரு பரப்பு முழுவதையும் பார்க்க வேண்டும், மரங்களுக்குப் பின்னாலும். எறியும் மேடையிலிருந்து கூடை கண்ணுக்குத் தெரியாவிட்டால், கூட ஆடுபவர் ஒருவர் முன்னே நடந்துபோய் ஓரமாக நின்று கை காட்டிய பிறகு எறியுங்கள். தனியாக ஆடினால் நீங்களே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

யாராவது பாதையில் இருந்தால் காத்திருங்கள். "கொஞ்சம் நகருங்கள்" என்று கையை ஆட்டி அவசரப்படுத்துவதும் தவறு. பூங்காவில் அவர்களுக்கு இருக்கும் அதே உரிமைதான் நமக்கும். அங்கே உட்காருகிற குடும்பத்துக்கு இது ஆட்ட மைதானம் என்று தெரியாமலே இருக்கலாம். பக்கத்தில் போய், தட்டைக் காட்டி, "இங்கே இது பறந்து வரும், அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் நகராதவர்களை நான் பார்த்ததில்லை.

தட்டு தப்பான பக்கம் போய்விட்டது, அங்கே ஆள் இருக்கிறது என்றால் உடனே "ஃபோர்!" என்று கத்த வேண்டும். கோல்ஃபிலிருந்து வந்த எச்சரிக்கை இது. நம்மில் பலருக்குப் பொது இடத்தில் கத்தக் கூச்சம். புது நாடு, புது ஆட்கள், யாராவது திரும்பிப் பார்ப்பார்களே என்று வாய் வராது. அந்தக் கூச்சத்தை அன்றே விட்டுவிடுங்கள். "ஃபோர்" வரவில்லையா, "ஏய், பாத்து!" என்று தமிழிலேயே கத்துங்கள், சத்தம்தான் முக்கியம். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தால் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலையைக் கைகளால் மூடிக் குனிந்துகொள்ளுங்கள்.

சரி, இனி எறிதலுக்கு வருவோம். இங்கே நடக்கும் பெரிய தவறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. பெரும்பாலான தட்டுகளில் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது முழு வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது, நான்காவது வேகம் குறைந்ததும் எவ்வளவு சாயும் என்பது. இன்னோவா கம்பெனியின் டெஸ்ட்ராயர் என்ற தட்டில் 12, 5, -1, 3 என்றிருக்கும். ஏவியார் என்ற தட்டில் 2, 3, 0, 1. பார்த்ததும் என்ன தோன்றும்? 12 பெரிய எண், அது தூரம் போகும். வாங்கிவிடுவோம்.

அந்த 12 என்பது தட்டு நமக்குக் கொடுக்கும் வேகம் அல்ல, அதற்கு நாம் கொடுக்க வேண்டிய வேகம். அவ்வளவு வேகத்தில் எறிய முடிந்தால்தான் அது நேராகப் பறக்கும். புதியவரின் கையில் அந்த வேகம் இருக்காது. அதனால் கையை விட்ட கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் மடங்கி விழும், பெரும்பாலும் யாரோ நடந்து போகிற பாதையில். ஏவியார் போன்ற ஒரு பட்டரும் (கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் மெதுவான தட்டு), வேகம் 5 அளவில் ஒரு மிட்ரேஞ்சும் (நடுத்தரத் தூரத்துக்கான தட்டு) போதும். முதல் மூன்று மாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம். மெதுவான தட்டில் தூரம் குறையலாம், ஆனால் போகும் இடம் உங்களுக்குத் தெரியும். நகரப் பூங்காவில் தூரத்தைவிட அது பெரிய விஷயம்.

அடுத்தது, தட்டின் முன் விளிம்பைத் தூக்கி எறிவது. முன்பக்கம் மேலே நோக்கியிருந்தால் தட்டு ஏறும், ஏறும், அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும், அப்புறம் பக்கவாட்டில் சரியும். எறிந்தவர் "காத்து தூக்கிடுச்சு" என்பார். பெரும்பாலும் காற்று அல்ல, மணிக்கட்டு. பிடிக்கும்போதே முன் விளிம்பு கொஞ்சம் கீழே இருக்கும்படி மணிக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வேகம் வேண்டும் என்று கிரிக்கெட் பவுலர் மாதிரி ஓடிவந்து எறிவதும் வேண்டாம். நின்ற இடத்தில் இடுப்பைத் திருப்பி எறியப் பழகிய பிறகு ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டிருக்கிறீர்களா? உடைந்த ஓட்டுச் சில்லை விரலிடுக்கில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து, மணிக்கட்டைச் சொடுக்கினால் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகுமே, அதே அசைவுதான் இந்த ஆட்டத்தில் ஃபோர்ஹேண்ட். நம் ஊர்க் கைகளுக்கு அது சுலபமாக வரும். பேக்ஹேண்ட்தான் சரியான முறை என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். ஃபோர்ஹேண்டில் தட்டு எதிர்ப்பக்கம், அதாவது வலது பக்கம் சாயும். இரண்டும் தெரிந்தால் ஆள் இருக்கிற பக்கத்தைத் தவிர்த்து எறியலாம்.

உண்மையாகவே காற்று கெடுக்கும் நாட்களும் உண்டு. இந்த மைதானத்திலிருந்து பசிபிக் கடல் இரண்டு மைல்கூட இல்லை. கோடை மதியங்களில் மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றில் இன்னும் பலமாக எறிந்தால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் தவறு. எதிர்க்காற்று தட்டின் மேல் ஓடும் காற்றின் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் தட்டு தன் இயல்பைவிட அதிக வேகத்தில் போவது போல நடந்துகொண்டு, பேக்ஹேண்ட் என்றால் வலது பக்கம் கவிழும். பலமாக எறிந்தால் இன்னும் கவிழும். தாழ்வாக, நிதானமாக, சுலபமாகக் கவிழாத தட்டால் எறியுங்கள். பின்காற்றில் இதற்கு நேர்மாறு: மிதப்பு குறைந்து சீக்கிரம் இறங்கும், சாய்வு கூடும். ஜூலை மாதம் என்று அரைக்கால் சட்டையோடு வந்துவிடாதீர்கள், இந்த ஊரில் கோடைதான் குளிர். பனிமூட்டம் இறங்கினால் தட்டின் விளிம்பில் ஈரம் படியும். துடைக்காமல் எறிந்தால் கையை விட்டு எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பழைய துண்டு பையில் இருக்கட்டும்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பூங்கா இருக்கும் இடம் 1870க்கு முன் வெறும் மணல் மேடு. சைப்ரஸ், பைன், யூகலிப்டஸ் என்று ஒவ்வொன்றாக நட்டு வளர்த்துத்தான் காடாக்கினார்கள். "போன தடவை இந்தக் கிளைதான் தடுத்தது" என்று ஒருவர் ஒரு சின்னக் கிளையை ஒடிப்பார், அடுத்த வாரம் இன்னொருவர் இன்னொன்றை. ஒரு வருடத்தில் மரத்தின் ஒரு பக்கம் மொட்டையாகிவிடும். கிளை குறுக்கே இருந்தால் அதுதான் ஆட்டம், சுற்றி எறியுங்கள். தட்டு மேலே மாட்டிக்கொண்டால் அதை இறக்க இன்னொரு தட்டை வீசுவார்கள், அதுவும் மாட்டும். மரம் ஏறுவது அதைவிடப் பெரிய தவறு. காற்றுக்கு ஒருநாள் தானாக விழும், விட்டுவிட்டுப் போங்கள். குறுக்கு வழியில் நடந்து செடிகளை மிதிப்பதும் வேண்டாம். கால் பட்டுப் பட்டு மண் இறுகினால் வேருக்குத் தண்ணீர் இறங்காது. மைதானத்தைப் பராமரிக்கிற சான் பிரான்சிஸ்கோ டிஸ்க் கோல்ஃப் கிளப்பின் தன்னார்வலர்கள் தங்கள் சொந்த நேரத்தில்தான் இந்த வேலையெல்லாம் செய்கிறார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒருவர் எறியும்போது அவருக்கு முன்னால் நிற்காதீர்கள், பேசாதீர்கள். கூடைக்கு அதிகத் தொலைவில் இருப்பவர்தான் அடுத்து எறிவார். எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து ஒரே குழுவாக ஆடினால் பின்னால் வருபவர்கள் தேங்கிவிடுவார்கள், இரண்டாகப் பிரியுங்கள். இருவராக வேகமாக ஆடி வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். நகரப் பூங்காக்களில் புகைபிடிக்கத் தடை. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும்போது எறிந்துவிட்டு நிலைதடுமாறி முன்னே கால் வைத்தால் விதிப்படி அது தவறு, எறிந்த பிறகும் நிலையாக நிற்க வேண்டும். தட்டு கூடையின் மேல்மூடியில் உட்கார்ந்தால் கணக்கில் வராது, சங்கிலியிலோ கூடைக்குள்ளோ தங்க வேண்டும். காரில் பையை வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு ஆடப் போகாதீர்கள். இந்த ஊரில் கார்க் கண்ணாடி உடைபடுவது சகஜம்.

அந்தச் சங்கிலிக் கூடைக்கு ஒரு கதை உண்டு. எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் பசடீனாவுக்குப் பக்கத்தில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது கூடையே கிடையாது, வெறும் கம்பங்கள்தான். தட்டு கம்பத்தைத் தொட்டால் போதும். பிறகுதான் சங்கிலி வைத்த கூடையை உருவாக்கி 1977இல் காப்புரிமை பெற்றார். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள்.

கடைசியாக, தட்டு தொலைவது. எல்லோருக்கும் தொலையும். பச்சை, பழுப்பு, கறுப்பு நிறத் தட்டு வாங்குவதுதான் தவறு, ஐவிக் கொடிக்குள் விழுந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது. பளிச்சென்ற ரோஸ் அல்லது ஆரஞ்சு வாங்குங்கள். எறிந்ததும் "சே" என்று முகத்தைத் திருப்பாமல், அது விழும் வரை பார்த்து, பக்கத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அடிப்பக்கம் பெயரும் போன் நம்பரும் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதுங்கள். மண்ணில் உரசி உரசி இரண்டு மாதத்தில் எண்கள் மங்கும், மறுபடி எழுதுங்கள். வேறொருவர் தட்டு உங்கள் கையில் கிடைத்தால் அதில் இருக்கும் நம்பருக்கு அங்கேயே நின்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். என் ஆரஞ்சுத் தட்டு ஒன்று ஐந்து மாதம் கழித்து அப்படித்தான் திரும்பி வந்தது. கடைசி இரண்டு எண்கள் அழிந்திருந்தன. கண்டெடுத்தவர் ஒவ்வொரு எண்ணாக மாற்றி மாற்றி மெசேஜ் அனுப்பிப் பார்த்திருக்கிறார், பதினோராவது நான்.