நுரையீரல் சிடி ஸ்கேனில் சிறு கட்டிகளைக் கம்ப்யூட்டரை வைத்துத் தேடுவது எப்படி?

கடைசி வருட புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கும் மதுரைப் பக்கத்து மாணவர்களுக்காக எழுதுகிறேன். பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும். மாடலைவிட அதற்கு முந்தைய வேலைதான் இதில் பெரியது.

முதலில் லூனா16 என்ற, கட்டிகள் குறிக்கப்பட்ட நுரையீரல் சிடி ஸ்கேன்களின் தரவுத்தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 888 ஸ்கேன்கள், 1,186 கட்டிகள். நான்கு ரேடியாலஜிஸ்டுகளில் குறைந்தது மூன்று பேர் ஒப்புக்கொண்ட, 3 மி.மீ. அளவுக்குக் குறையாத கட்டிகள் மட்டுமே இதில் கணக்கு. பத்துப் பகுதிகளாக இருக்கும். பழகுவதற்கு ஒன்று போதும்.

அடுத்து, புரோகிராம் எழுதுவதற்கு முன் ஸ்கேனைக் கண்ணால் பாருங்கள். ஸ்கேனைத் திறந்து பார்க்கும் 3டி ஸ்லைசர் மென்பொருள் இலவசம்தான். அதில் விண்டோ (திரையில் காட்டும் அடர்த்தி வரம்பு) மையம் -600, அகலம் 1500 என்று வைத்தால் நுரையீரல் தெளிவாகத் தெரியும். வட்டமாகத் தெரிவதெல்லாம் கட்டி இல்லை. குறுக்கே வெட்டினால் முருங்கைக்காயும் வட்டம், நெல்லிக்காயும் வட்டம். ரத்தக்குழாயும் கட்டியும் அப்படித்தான். ஸ்லைஸ்களை (ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்களை) மேலும் கீழும் நகர்த்துங்கள். குழாய் நீண்டுகொண்டே போகும், கட்டி சில ஸ்லைஸ்களில் முடிந்துவிடும். ஒற்றைப் படத்தை விட்டு முப்பரிமாணத் துண்டை மாடலுக்குக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

பிறகு எண்கள். சிடி ஸ்கேனில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று -1000, தண்ணீர் 0. -1000 முதல் 400 வரை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, 0–1 ஆக மாற்றுங்கள். எல்லாத் திசையிலும் 1 மி.மீ. இடைவெளி வருமாறு மறுஅளவிடுங்கள்.

கட்டியின் இடம் மில்லிமீட்டரில் தரப்பட்டிருக்கும். ஆரிஜினை (ஸ்கேனின் தொடக்கப் புள்ளி) கழித்து, ஸ்பேசிங்கால் (புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) வகுத்தால் வாக்ஸல் எண், அதாவது முப்பரிமாணப் படத்தில் அந்தப் புள்ளியின் இடம், கிடைக்கும். ஸ்கேனைப் படிக்கும் பைத்தான் நூலகமான சிம்பிள்ஐடிகே எக்ஸ், ஒய், இசட் என்று தரும். நம்பை அரேயில் இசட், ஒய், எக்ஸ். இந்த வரிசை மாறினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, மாடல் வெறும் காற்றைப் பார்த்துப் படிக்கும். அதனால் சில கட்டிகள் மேல் வட்டம் போட்டுச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள்.

சரி, மாடல். கட்டியாக இருக்கலாம் என்று லூனா16 தரும் சந்தேகப் புள்ளிகளின் பட்டியலில் 5,51,065 இருக்கின்றன. உண்மையான கட்டியில் விழுபவை 1,351 மட்டுமே (ஒரே கட்டியில் பல புள்ளிகள் விழலாம்). எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லும் மாடலுக்கே 99.75 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும்! துல்லியத்தை மறந்துவிடுங்கள். ஒரு ஸ்கேனுக்கு எத்தனை பொய் எச்சரிக்கை, அப்போது எத்தனை கட்டி பிடிபடுகிறது என்று பாருங்கள். பயிற்சியில் உண்மைக் கட்டிகளைச் சுழற்றி, புரட்டிப் பெருக்குங்கள். ஒரே நோயாளியின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்கவே கூடாது.

இன்னொன்று, நம் ஊருக்கு முக்கியமானது. இந்த ஸ்கேன்கள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. காசநோய் வந்து ஆறிய தழும்பு இங்கே நிறையப் பேருக்கு இருக்கும். தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. அந்தத் தழும்பும் கட்டி போலவே தெரியும். ஆகவே உள்ளூர் ஸ்கேன்களில் ஒரு ரேடியாலஜிஸ்டுடன் உட்கார்ந்து சோதிக்காமல் ‘வேலை செய்கிறது’ என்று எழுதாதீர்கள். அதற்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் டைகாம் (மருத்துவமனை ஸ்கேன்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்புக்குள்ளேயே இருக்கும். அவற்றை மருத்துவமனையிலேயே நீக்கிய பிறகுதான் கோப்பு உங்கள் லேப்டாப்புக்கு வர வேண்டும்.