குழந்தைகளோடு இலவச நீர் விளையாட்டுத் திடலுக்கு: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் காசு கொடுத்துக் குழந்தைகளை நனைக்க எத்தனையோ இடங்கள் உண்டு. காசு கொடுக்காமல் நனைக்கக் கரையோரப் பூந்தோட்டத்துக்குள்ளேயே (கார்டன்ஸ் பை த பே) ஓர் இடம் இருக்கிறது: 2014 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபார் ஈஸ்ட் ஆர்கனைசேஷன் சிறுவர் தோட்டம். கண்ணாடிக் குவிமாடங்களுக்கு டிக்கெட் வாங்க நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் இதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அடிக்கடி அழைத்துப் போவதால், அக்கம்பக்கத்தார் கேட்கும்போதெல்லாம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். எம்ஆர்டி ரயில் அட்டை போன்றவை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கிழமை

திங்கட்கிழமை போக வேண்டாம், பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) இருக்கும் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துக்கும் திங்கள்தான் ஓய்வு. ஆகவே ஒன்று மூடியிருந்தால் இன்னொன்றுக்குப் போகலாம் என்ற கணக்கு அன்று பலிக்காது. திங்கள் பொது விடுமுறையாக வந்தால் முறை மாறும் என்பதால், நேரத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதமும் ஆண்டிறுதியும் பள்ளி விடுமுறைக் காலம். அப்போது வார இறுதியில் போவதைவிட வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிடுவது மேல்.

படி 2: வானம்

இந்த ஒரு படியில்தான் பலருடைய திட்டமும் கவிழ்கிறது. மழை பெய்தால் என்ன, எப்படியும் நனையத்தானே போகிறோம் என்று தோன்றும். சிக்கல் மழையில் இல்லை, மின்னலில் இருக்கிறது. அந்த வட்டாரத்துக்கு மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் தண்ணீரை நிறுத்திப் பிள்ளைகளை வெளியேற்றிவிடுவார்கள். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஆடை மாற்றி, சன்ஸ்கிரீன் பூசித் தயாராக நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம், தெற்கே எங்கோ திரண்டிருக்கும் மேகத்தைக் காட்டி விளக்கம் சொல்லிப் பாருங்கள்!

இதற்கு நான் செய்வது இவ்வளவுதான். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் மழை வரைபடத்தையும் மின்னல் நிலவரத்தையும் பார்க்கிறேன். கைப்பேசியோடு வரும் பொதுவான வானிலைச் செயலியை நம்புவதில்லை. அது ஆண்டு முழுவதும் ‘இடியுடன் மழை’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று மாறுவதால் பிற்பகல் இடி அதிகம். ஆகவே அந்த மாதங்களில் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவதே உத்தமம். அதற்கும் விலக்கு உண்டு. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை விடியலிலும் காலையிலும் அடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், காத்திருக்கலாம்.

காவலர் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. மின்னல் தெரிந்த நொடியிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். என் மகளுக்கு இப்போது தண்ணீரைவிட இந்த எண்ணிக்கைதான் பிடித்திருக்கிறது.

வெயிலிலும் ஒரு நுட்பம் உண்டு. சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. இங்கே உச்சிவெயில் பன்னிரண்டுக்கு வருவதில்லை, ஒரு மணியை ஒட்டித்தான் வரும். பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனி வெயில் இறங்கும் என்று நினைத்துப் போனால் சரியாக உச்சியில் போய் நிற்பீர்கள். காலை பத்துக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ போங்கள்.

படி 3: பை

உருட்டும் பெட்டியெல்லாம் வேண்டாம். தோளில் மாட்டும் பை ஒன்றும், ஈரத்துணிக்கென்று இறுக்கி மூடக்கூடிய தனிப்பையும் போதும்.

துண்டு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். தடித்த டர்க்கித் துண்டு பையை நிறைத்துவிடும், நனைந்தால் கனக்கும், காயவும் காயாது. ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த ஈரிழைத் துண்டுதான் இதற்குச் சரி. பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும்; வெயிலில் தலைக்கும் போட்டுக்கொள்ளலாம்.

ஆடைக்கு முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. சன்ஸ்கிரீன் பூச வேண்டிய இடம் முகமும் காலுமாகக் குறைந்துவிடும். பருத்திச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டால் குழந்தை நடுங்கும். காலுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. சாதாரணச் செருப்பு ஓட்டத்தில் கழன்றுவிடும். வெறுங்காலில் விட்டால் வெயில் ஏறிய தரை சுடும்.

படி 4: உள்ளே

தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் இருக்கும் கரையோரப் பூந்தோட்ட நிலையம் 2022 நவம்பரில் திறந்தது. பேஃபிரண்டில் இறங்கி நடப்பதைவிடச் சிறு கால்களுக்கு இது எளிது.

பெரிய பிள்ளைகளின் நீர்த் திடலில் அசைவைக் கண்டறியும் உணரிகள் இருக்கின்றன. ஓடினால்தான் தண்ணீர் பீச்சும். கூச்சத்தோடு ஓரமாக நிற்கும் குழந்தைக்கு எதுவும் நடக்காது. நீங்களும் இறங்கி ஓட வேண்டும். உங்களுக்கும் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனியாக ‘மீன் ஊற்று’ இருக்கிறது. மகனைப் பெரிய பிள்ளைகள் பக்கம் விடாமல் அங்கேதான் தொடங்கவைப்பேன். இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர் என்றால் முதலில் சின்னப் பிள்ளைக்கான இடம், பிறகு மூத்த பிள்ளைக்கானது என்று முறைவைத்துப் பிரியாமல் போவதே பாதுகாப்பு.

உதடு நீலமாக மாறினாலோ பற்கள் கிட்டினாலோ உடனே வெளியே எடுங்கள். முப்பது டிகிரி வெயிலிலும், நனைந்த சின்ன உடம்பு காற்றில் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

படி 5: வெளியேறுவது

ஈர உடையோடு ரயிலேறக் கூடாது. குளிர்சாதனக் காற்று எலும்புவரை போகும். அங்கேயே குளித்து, உள்ளாடை வரை மாற்றிவிடுங்கள். தண்ணீரில் ஆடிய பிள்ளைக்குக் கொலைப்பசி எடுக்கும். எம்ஆர்டிக்குள் சாப்பிடத் தடை, மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். ஆகவே நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஊட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லிதான். சிந்தாது, கெடாது, கையால் தின்னலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு வாசகி டயப்பர் பற்றிக் கேட்டிருந்தார். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதித் தொங்கிவிடும். நீச்சல் டயப்பர் வாங்குங்கள். ஆனால் அது மலத்தை ஓரளவு தாங்குமே தவிர, சிறுநீரைப் பிடித்துவைக்காது. தண்ணீரில் இறங்கும் நேரத்தில் போட்டுவிட்டால் போதும், ரயிலில் போட்டு வராதீர்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை அறவே கொண்டுவரக் கூடாது. பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் ஓடிக்கொண்டிருந்தால் கொப்புளம் எதுவும் தெரிகிறதா என்று உடம்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மற்றொரு பின்சேர்க்கை: ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியை அழைத்துவரலாமா என்று இருவர் கேட்டார்கள். தாராளமாக. ஆனால் அவர்களைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டு நீங்கள் காப்பி குடிக்கப் போகாதீர்கள். ஈரத்தரையில் ஓடும் பிள்ளையைத் துரத்தும் வயதில்லை அவர்களுக்கு. காப்பி குடிக்க அவர்களை அனுப்புங்கள். வாசலருகே சிற்றுண்டிக் கடை இருக்கிறது.