மூங்கில் சேர், சோஃபா பழசானா எப்படி காப்பாத்துறது

சேருக்கு அடியில மாவு மாதிரி பவுடர் கொட்டியிருந்தா அது தூசி இல்லங்க, உள்ள வண்டு துளைக்குது, மூங்கில்ல இருக்குற ஸ்டார்ச்சுதான் அதுக்கு சாப்பாடு. சும்மா துடைச்சுட்டு விட்டுடாதீங்க. குண்டூசி தலை சைஸ்ல ஓட்டை எங்கெங்க இருக்குன்னு பாத்து, சிரிஞ்சுல மண்ணெண்ணெய் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் விடுங்க (வீட்டுக்கு வெளியில வெச்சு, நெருப்பு பக்கம் வேண்டவே வேண்டாம்), வாசனை போய் நல்லா காஞ்சப்புறம் மெழுகு வெச்சு அடைச்சிருங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பவுடர் கொட்டுதான்னு பாருங்க, கொட்டினா திரும்பவும் விடணும்.

கட்டு லூசாயிட்டா ஆணி அடிக்காதீங்க ப்ளீஸ், மூங்கில் நீளவாக்குல பிளந்துரும். பிரம்பு பட்டைய அரை மணி நேரம் தண்ணில ஊறப்போட்டு இழுத்து இறுக்கி சுத்துங்க, காயும்போது அதுவே சுருங்கி இன்னும் டைட்டாகும். சின்ன விரிசல்னா ஃபெவிகால் விட்டு கயிறு கட்டி ஒரு நாள் வெச்சிருங்க. கால் ரொம்ப பிளந்திருந்தா ஒட்டி பிரயோஜனம் இல்ல, அந்த காலையே மாத்திடுறதுதான் நல்லது.

பாலிஷ் போச்சுன்னா மெல்லிசு உப்புத்தாள்ல தேச்சு வார்னிஷ் ஒரு கோட் அடிங்க, முக்கியமா காலோட அடிப்பக்கம் வெட்டுன முனையில, ஈரம் ஏறுறது அங்கதான்.