மூன்று வரிக்கு முன்னால் பத்து நிமிடம்: ஹைக்கூ எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அம்மா கட்டிலோடு கிடந்தாள். பகலில் துணைக்கு உட்கார்ந்திருப்பது என் வேலை. முதல் வாரம் முழுக்கப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா கேட்டாள்: "முருங்கை பூத்துருச்சா?"

ஜன்னலுக்கு நாலடி தள்ளி நிற்கிற மரம். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மரம் முழுக்கப் பூ.

அன்று சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கினேன். ஹைக்கூ எழுத நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். கவிதை எழுதிப் பழக்கமே இல்லாதவர்களும் செய்யக்கூடிய மாதிரி அந்த வழியை இங்கே சொல்கிறேன். நல்ல கவிதை எப்போது வரும் என்ற கவலை இப்போதைக்கு வேண்டாம். பூத்த மரத்தைப் பூத்த அன்றே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு முக்கியம்.

ஹைக்கூ எங்கிருந்து வந்தது

ஜப்பானில் பலர் கூடி உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடுத்துப் பாடும் தொடர்கவிதைக்கு ரெங்கா என்று பெயர். அதைத் தொடங்கிவைக்கும் பாட்டு ஹொக்கு. கூடியிருக்கும் பருவம் எது என்பது அந்த முதல் பாட்டிலேயே தெரிந்துவிட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பாஷோ (1644–1694) இந்தச் சின்னப் பாட்டைத் தனியாகவே நிற்கும் அளவுக்கு வளர்த்தார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மசஓகா ஷிகி அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்தார். 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தபோதும் ஹொக்கு என்றுதான் எழுதினார்.

முதல் படி: ஓர் இடம், பத்து நிமிடம்

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. போனில் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் முயன்றேன். குறிப்பெழுதத் திறந்த கை எப்படியோ வேறொன்றுக்குப் போய்விடுகிறது. பத்து நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொல்லைப்படி, மொட்டைமாடி, பேருந்து நிறுத்தம், எதுவானாலும் சரி. ஒரு வாரத்துக்கு இடத்தை மாற்ற வேண்டாம். புது இடத்தில் கண் தானாகவே விழித்துக்கொள்ளும். பழகிய இடத்தில்தான் நாம் பார்க்காமலே இருக்கிறோம்.

முதல் மூன்று நிமிடம் எழுதாதீர்கள். மனம் கடன், வேலை, நேற்றைய சண்டை என்று எங்கெங்கோ போகும். போகட்டும், விரட்டாதீர்கள். காதில் விழுகிற ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் தானாகத் திரும்பி வந்துவிடும்.

இரண்டாம் படி: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

இந்தப் படிதான் உயிர். இங்கே பொறுமையாக இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

ஷிகி இதற்கு ஷாசெய் என்று பெயர் சொன்னார். ஓவியர்கள் நேரில் பார்த்து வரைவது போல, சொல்லால் வரைவது. அவர் உட்கார்ந்து பார்த்த இடமோ மிகச் சின்னது. காசநோய் முதுகெலும்பு வரை பரவி, கடைசி வருடங்களை டோக்யோவின் நெகிஷியில் ஒரு சிறு வீட்டில் படுக்கையிலேயே கழித்தார். உலகம் என்று அவருக்கு மிச்சமிருந்தது ஒரு குட்டித் தோட்டம். 1896-இல், நோயில் கிடந்தபடி, பனி எவ்வளவு ஆழம் பெய்திருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டதை ஒரு ஹைக்கூவாக எழுதினார். தனிமை என்றோ வலி என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அது மட்டும்தான். முருங்கை பூத்துருச்சா என்று அம்மா கேட்டு ஒரு வருடம் கழித்துத்தான் இதை நான் படித்தேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

1902-இல் இறப்பதற்கு முந்தின நாள் அவர் எழுதிய கடைசி மூன்று கவிதைகளும் தோட்டத்துப் பீர்க்கங்கொடியைப் பற்றியவை. சளியைக் கரைக்க அந்தக் கொடியின் நீரைக் கொடுப்பது அங்கே வழக்கம். அப்போது அவருக்கு வயது 34.

நோட்டில் எப்படி எழுதுவது? ஒரு மார்கழிக் காலையில் கொல்லைப்படியில் உட்கார்ந்து நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் நிரம்ப நிரம்ப மெலிகிறது.
பக்கத்து வீட்டுச் சைக்கிள் சீட்டில் பனி. யாரோ ஒற்றை விரலால் கோடு இழுத்திருக்கிறார்கள்.
துளசி மாடத்தில் நேற்றைய திரி, கறுப்பாக.
பால்காரர் மணி, இரண்டு தடவை.
படிக்கல் குளிர்ச்சி பாவாடை தாண்டி ஏறுகிறது.

கண்ணுக்கு, காதுக்கு, தோலுக்கு எட்டியவை மட்டும். "அழகான காலை" என்று எழுதத் தோன்றினால் கையை நிறுத்தி, எது அழகாக இருந்தது என்று உங்களையே கேளுங்கள். சீட்டுப் பனியில் இருந்த அந்தக் கோடுதான் என்று தெரிந்தால், கோட்டை எழுதுங்கள். சோகம், ஏக்கம், நிம்மதி, அமைதி ஆகிய சொற்களை முதல் மாதம் தொடவே வேண்டாம்.

உவமையும் வேண்டாம். தமிழில் எழுத வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம். "போல" என்ற சொல் நம் கையில் அவ்வளவு பழக்கம். நிலவைப் பார்த்தவுடன் முகம் ஞாபகத்துக்கு வருகிறது, முகம் வந்ததும் நிலவு போய்விடுகிறது. பைன் மரத்தைப் பற்றிப் பைன் மரத்திடமும் மூங்கிலைப் பற்றி மூங்கிலிடமும் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாஷோ சொன்னதை அவர் சீடர் தோஹோ குறித்து வைத்திருக்கிறார். மூங்கிலைப் பார்க்கும்போது மூங்கிலோடு இருங்கள் என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு வாரம் இந்தக் குறிப்புகள் மட்டும் போதும். கவிதைக்கு அவசரமில்லை.

மூன்றாம் படி: காலச்சொல்

ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருப்பது மரபு. கிகோ என்பார்கள். தவளை என்றால் வசந்தம், சில்வண்டு என்றால் கோடை, நிலவு என்று மட்டும் சொன்னால் இலையுதிர்காலம். இவற்றைப் பருவவாரியாகத் தொகுத்த கையேடுகளுக்குச் சைஜிகி என்று பெயர்.

அந்தப் பட்டியலை நாம் இரவல் வாங்க வேண்டாம். செர்ரிப் பூவைப் பார்க்காத நாம் செர்ரிப் பூவை எழுதினால் இரண்டாம் படியில் கற்றது வீண். பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு என்று பிரித்து, மரம், பறவை என்று நிலத்தின் கருப்பொருளையும் வகுத்த தொல்காப்பியம் நம்மிடம் இருக்கிறது. காலத்தைச் சொன்னாலே மனசு தெரிந்துவிடும் என்பது நமக்குப் பழைய அறிவு.

நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென ஒதுக்குங்கள். பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் தலைப்பாக இட்டு, உங்கள் தெருவில் அந்த மாதத்தில் என்ன நடக்கிறதோ அதை எழுதி வாருங்கள். என் பட்டியலில் சித்திரைக்கு வேப்பம்பூ, வைகாசிக்குக் கத்திரி வெயிலில் உருகும் தார், ஆடிக்குக் காற்று, ஐப்பசிக்கு ஈசலும் காயாத துணியின் வாடையும், மார்கழிக்குச் சைக்கிள் சீட்டுப் பனி. உங்கள் பட்டியல் வேறாகத்தான் இருக்கும். நிரம்ப ஒரு வருடமாகும். அந்த ஒரு வருடத்தில் உங்கள் தெரு உங்களுக்கு வேறு தெருவாகிவிடும்.

நான்காம் படி: இரண்டு துண்டு, நடுவில் வெட்டு

ஹைக்கூவில் இரண்டு காட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஜப்பானியர்கள் யா, கெரி, கானா போன்ற சொற்களால் நடுவிலோ முடிவிலோ பாட்டை அறுத்து நிறுத்துவார்கள். கிரெஜி, அதாவது வெட்டுச்சொல். நமக்கு அதற்கு நேரான சொல் கிடையாது. ஒரு கோடு போடலாம், அல்லது வினையே இல்லாமல் பெயர்ச்சொல்லோடு வரியை நிறுத்திவிடலாம். என் குறிப்பிலிருந்து வந்தது இது:

மார்கழி விடியல் –
சைக்கிள் சீட்டுப் பனியில்
ஒரு விரலின் கோடு

கோடு இழுத்தது யார்? பள்ளிக்குப் போகிற பிள்ளையா, சீட்டைத் துடைக்க வந்து மனமில்லாமல் விட்டவரா? எனக்கும் தெரியாது. சொல்லாமல் விட்ட இடத்தில் படிக்கிறவர் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும்.

ஒரு பயிற்சி. "ஆடிக் காற்று" என்று மேலே எழுதுங்கள். கீழே உங்கள் நோட்டிலிருந்து வெவ்வேறு குறிப்புகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். "இலைகள் பறக்கின்றன" என்று வைத்தால் சொன்னதையே திரும்பச் சொன்னதாகும். "இட்லிக்கு மாவு அரைக்கிறார்கள்" என்று வைத்தால் ஒட்டவே ஒட்டாது. நான் இப்படி வைத்தேன்:

ஆடிக் காற்று –
மூடிய கடைக்கதவைத்
தட்டுகிறது பூட்டு

எது பொருந்தும் என்பதை விதியாகச் சொல்ல முடியாது. இருபது முறை வைத்துப் பார்த்தால் காது சொல்லும்.

அசையை எண்ண வேண்டுமா

ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானியர்கள் எண்ணுவது நம் அசையை அன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணுகிறார்கள். டோக்யோ அவர்களுக்கு நான்கு. கிட்டத்தட்ட நம் மாத்திரைக் கணக்கு மாதிரிதான், ஆனால் சொல்லின் முடிவில் வரும் 'ன்' அவர்களுக்கு ஒன்று, நமக்கு மெய்யென்பதால் அரை. பதினேழு மாத்திரைக்குள் தமிழில் நாலைந்து சொற்களை அடக்குவதற்குள் பார்த்த காட்சி கலைந்துவிடும். நான் எண்ணுவதில்லை. மூன்று வரி, ஒரு மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். அந்த அளவு போதும்.

ஐந்தாம் படி: அடித்தல்

அம்மாவின் கட்டிலருகே நான் முதலில் எழுதியது இது:

முடங்கிக் கிடக்கும் அம்மாவின்
ஏக்கம் போல
உதிர்கிறது முருங்கைப்பூ

எழுதியபோது கண் கலங்கியது உண்மை. மறுநாள் படித்தபோது ஒன்று உறைத்தது: பூ உதிர்ந்ததை நான் பார்க்கவே இல்லை. ஏக்கம் என்று நானாகவே பெயர் வைத்தேன். அம்மா ஏங்கினாளா? அவள் மரத்தைப் பற்றிக் கேட்டாள், அவ்வளவுதான். அடித்துவிட்டு, அன்று நிஜமாகவே நடந்தது என்ன என்று யோசித்தேன். மத்தியானம் ஜன்னல் வழியாக வந்து விழுந்தவை நினைவுக்கு வந்தன.

திறந்திருக்கும் ஜன்னல் –
அம்மாவின் போர்வைமேல்
முருங்கைப்பூ இரண்டு

இது பரவாயில்லை. ஆனால் காலம் இல்லை. பூ உள்ளே வந்துவிட்டதென்றால் ஜன்னல் திறந்திருந்தது தெரிந்ததுதானே? அந்த வரி சும்மா இருந்தது.

மாசிக் காற்று –
அம்மாவின் போர்வைமேல்
முருங்கைப்பூ இரண்டு

இதோடு நிறுத்தினேன். அந்தப் பூக்களை அம்மா சாயங்காலம் வரை தட்டிவிடவில்லை. அதைப் பாட்டில் சேர்க்கத் தோன்றியது, சேர்க்கவில்லை.

அடித்து எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1689-இல் பாஷோ தம் சீடர் சோராவுடன் வடக்கே மாதக்கணக்கில் நடந்தார். யமகதா பக்கத்து மலைக் கோயில் ஒன்றில் அவர் கேட்ட சில்வண்டுச் சத்தத்தைப் பற்றிய கவிதை புகழ்பெற்றது. சோராவின் குறிப்பில் அதன் ஆரம்ப வடிவம் இருக்கிறது. முதலில் அது "மலைக் கோயில்" என்று தொடங்கியது. ஒலி கல்லில் ஒட்டியது. பிறகு திருத்தி எழுதிய வடிவத்தில் தொடக்கச் சொல் "அமைதி" ஆயிற்று. ஒலி பாறைக்குள் ஊறி இறங்கியது. அமைதி என்ற சொல்லை உங்களுக்கு நான் தடுத்தேனே என்று கேட்பீர்கள். எடுத்த எடுப்பில் பாஷோவும் அதை எழுதவில்லை. திரும்பத் திரும்பத் திருத்தி அவர் போய்ச் சேர்ந்த சொல் அது.

மூன்றாம் வரியில் குத்துவது பற்றி

தமிழில் ஹைக்கூ என்ற பெயரில் வருவனவற்றில் பல, இரண்டு வரி அமைதியாகப் போய் மூன்றாம் வரியில் ஒரு திருப்பம் வைப்பவை. அரசியலோ குடும்பமோ கேலிக்குள்ளாகும், கைதட்டல் கிடைக்கும். மனிதர்களின் நடத்தையைப் பாடும் அந்த வகைக்கு ஜப்பானில் சென்ரியு என்று தனிப்பெயரே உண்டு. மதிப்புள்ள வகைதான். ஆனால் கவனத்துக்குப் பயிற்சி என்று பார்த்தால், திருப்பத்தைத் தேடுகிறவர் பூவைப் பார்ப்பதில்லை, வாசகரைப் பார்க்கிறார். தொடக்க வருடத்திலாவது அதை விட்டுவிடுங்கள் என்பேன்.

ஆறாம் படி: சேர்ந்து செய்யுங்கள்

மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் நடந்து, பிறகு உட்கார்ந்து எழுதுங்கள். கின்கோ என்பது இதுதான். எழுதியவற்றைப் பெயர் போடாமல் கலந்து, பிடித்ததை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து, கடைசியில் எழுதியவர் யார் என்று சொல்வது குகாய். பெயர் தெரியாமல் கேட்கும்போது பாட்டு மட்டும்தான் காதில் விழும். முதல் தடவை என்னுடையதை ஒருவர்கூட எடுக்கவில்லை. எல்லாரும் எடுத்தது பதினோரு வயதுப் பெண் ஒருத்தி எழுதியதை. சரியாகத்தான் எடுத்தார்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே தேதியும் நேரமும் எழுத மறக்காதீர்கள். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் சேர்த்து எழுத வேண்டாம், பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

அம்மா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறாள். நான் நோட்டோடு உட்கார்ந்தால், இன்றைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாள். நேற்று எனக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றேன். கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கொடியில கிளிப்பெல்லாம் காத்துல ஆடுது. அதுல ஒண்ணுல மட்டும் தட்டான் உக்காந்திருக்கு, ரொம்ப நேரமா."

ஜப்பானில் தட்டான் இலையுதிர்காலச் சொல். எங்கள் தெருவில் அது மழைக்கு முன்னால் வருவது. பென்சிலை அவள் கையில் கொடுத்தேன்.