புகலிடச் சட்டத்தை முதுகலையில் படிக்கப் போகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது

குடிவரவு, புகலிடச் சட்டத்தில் எல்.எல்.எம். சேர்ந்த பலர் முதல் வாரத்திலேயே வாசிப்புப் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போகிறார்கள். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க முயலாதீர்கள். உள்ளே நுழைய ஒரே ஒரு வாக்கியமும் சில தீர்ப்புகளும் போதும். ஆனால் அவற்றை அவசரப்படாமல் படிக்க வேண்டும். தீர்ப்புக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் மறக்கக் கூடாது.

படி 1: இரண்டு சட்டங்களையும் பிரித்துப் பாருங்கள்

யார் உள்ளே வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம், வேலை பார்க்கலாமா என்று அரசு வகுக்கும் விதிகள் குடிவரவுச் சட்டம். அரசு நினைத்தால் அவற்றை மாற்றிவிடலாம், அடிக்கடி மாற்றவும் செய்கிறது. புகலிடச் சட்டம், ஆபத்திலிருந்து தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்பாதபடி அந்த அதிகாரத்துக்கே போடப்பட்ட எல்லை. நடைமுறையில் இரண்டும் ஒரே கோப்பில் கலந்து வரும். மாணவர் விசாவில் வந்த ஒருவரும், தான் வந்த பிறகு சொந்த நாட்டில் நிலைமை மோசமானால் புகலிடம் கோரலாம்.

படி 2: அந்த ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதுங்கள்

1951 அகதிகள் உடன்படிக்கையின் பிரிவு 1ஏ(2)ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அகதி யார் என்று சொல்லும் வாக்கியம் அதுதான். ஒரு தாளில் எழுதித் துண்டு துண்டாக உடையுங்கள்: சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர், தகுந்த ஆதாரமுள்ள அச்சம், துன்புறுத்தல், இனம், மதம், தேசிய அடையாளம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களில் ஒன்று, சொந்த அரசின் பாதுகாப்பைப் பெற முடியாமை அல்லது அச்சத்தால் பெற விரும்பாமை.

ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் இடம் விடுங்கள். இனிப் படிக்கும் ஒவ்வொரு வழக்கும் இதில் ஏதோ ஒரு துண்டின் மேல் நடக்கும் சண்டைதான். போரிலிருந்து தப்பி வந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் இந்த வரையறைக்குள் வந்துவிட மாட்டார் என்பதும் அப்போது புரியும்.

1951இல் இந்த வரையறை, அந்த ஆண்டு ஜனவரி 1க்கு முன் நடந்த நிகழ்வுகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1967 நெறிமுறை அந்தக் கால வரம்பை நீக்கியது. அப்புறம் இன்னும் மூன்று பிரிவுகளைப் படித்து வையுங்கள்: ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் 33, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிப்பதைக் கட்டுப்படுத்தும் 31, கடுங்குற்றம் செய்தவர்களை விலக்கும் 1எஃப்.

படி 3: முதல் தீர்ப்பு

சிவகுமாரன் வழக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் கோரிக்கையில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1987 டிசம்பரில் தந்த தீர்ப்பு. கேள்வி இதுதான்: ஒருவர் உண்மையாகவே பயந்தால் போதுமா, அல்லது அந்தப் பயத்துக்கு நிஜமான அடிப்படை இருக்க வேண்டுமா? கீழ் நீதிமன்றம் மனுதாரரின் பயத்துக்கு முதலிடம் கொடுத்தது. பிரபுக்கள் சபை அதை மாற்றியது. துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது.

படிக்கும்போது முதலில் நடந்ததை மட்டும் நாலு வரியில் எழுதுங்கள். பிறகு முடிவு. பிறகு, தாளில் எந்தத் துண்டைப் பற்றிய வழக்கு என்பது. நீதிபதிகளின் வாதத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

அதே 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்டோசா-ஃபொன்சேகா வழக்கில், ஆபத்து நேர பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டியதில்லை, பத்தில் ஒன்று இருந்தால்கூட அச்சம் ஆதாரமுள்ளதாகலாம் என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

படி 4: தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. பிரபுக்கள் சபைத் தீர்ப்புக்குப் பிறகு, 1988 பிப்ரவரியில் அந்த வழக்கின் தமிழர்களில் ஐந்து பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டை விட்டு அனுப்பப்பட்ட பிறகுதான் அவர்களால் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அதில் 1989இல் ஜெயித்து, அதே ஆண்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். அவர்கள் தொடுத்த வில்வராஜா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட அந்த ஐவரில் மூவர் அங்கே கொடுமைக்கு ஆளானதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருந்தும் மனுதாரர்கள் தோற்றார்கள். அனுப்பிய நேரத்தில் அரசுக்குத் தெரிந்திருந்ததை, தெரிந்திருக்க வேண்டியதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் இதை முன்கூட்டியே ஊகிக்க வழியில்லை என்றது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனால் அபாயத்தை எந்தத் தேதியில் நின்று அளக்கிறோம் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் வழக்கு வேறு எனக்குத் தெரியாது. அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இருக்கும் ஹூடாக் (HUDOC) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 5: 'சமூகக் குழு'வுக்கு ஒரு வழக்கு

ஐந்து காரணங்களில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். 1999இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஷா, இஸ்லாம் வழக்கைப் படியுங்கள். கணவரின் வன்முறைக்கு ஆளாகி, தகாத உறவு என்ற பழியும் விழுந்த இரண்டு பாகிஸ்தானியப் பெண்கள். அடித்தவர் கணவர்தானே, இது சொந்தப் பகை அல்லவா என்பது எதிர்வாதம். நீதிபதிகளில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு ஓர் உதாரணம் சொல்கிறார்: நாஜி ஜெர்மனியில் ஒரு யூதரின் கடையைப் போட்டி வியாபாரிகள் அடித்து நொறுக்குகிறார்கள். அவர்களுக்கு நோக்கம் வியாபாரம். ஆனால் அவர் யூதர் என்பதால் அரசு காப்பாற்றாது என்று தெரிந்துதான் செய்கிறார்கள். கடும் தீங்கும், அரசு பாதுகாப்பு தராததும் சேர்ந்தால் அது துன்புறுத்தல். இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

படி 6: சான்றைப் படிக்கப் பழகுங்கள்

புகலிட வழக்கில் பெரும்பாலும் சாட்சி மனுதாரர் ஒருவரே. கையில் காகிதம் இருக்காது. அதனால்தான் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 1979 கையேடு, உண்மையைக் கண்டறியும் பொறுப்பு மனுதாரருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்கிறது. பத்தி 196ஐப் பாருங்கள். மனுதாரர் இரண்டாம் பேட்டியில் தேதியை மாற்றிச் சொல்லியிருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். வதைபட்டவருக்கு நினைவு வரிசையாக வராது. எந்தக் கேள்விக்கு, எந்த நிலையில், மொழிபெயர்ப்பாளர் வழியாகவா பதில் சொன்னார் என்று பாருங்கள். நாட்டு நிலவர அறிக்கைகளில் வெளியான தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் கட்டுரை

'அகதிச் சட்டமும் மனித உரிமையும்' மாதிரியான தலைப்பு வேண்டாம், பிடிபடாமல் நழுவும். தாளில் ஒரு துண்டு, இரண்டு நாடுகள், இரண்டு தீர்ப்புகள். ஆதாரமுள்ள அச்சத்துக்கு எவ்வளவு வாய்ப்பு போதும் என்பதில் பிரிட்டனும் அமெரிக்காவும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று எழுதுங்கள். படி 3இல் படித்த இரண்டு தீர்ப்புகளிலேயே அதற்குத் தேவையானது இருக்கிறது.