பாயைக் கையால் தடவி வாங்காதீர்கள்

ஆம்பூரிலிருந்து கடலைப் பார்க்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். பக்கத்துப் பாலாற்றிலோ ஆண்டில் பல மாதம் மணல்தான். ஆனாலும் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகான ஒரு கேட்டமரானுக்குக் காற்றுப் பாய் தேர்ந்தெடுக்கும் வேலை இந்தப் பழைய வட ஆற்காட்டுக்காரனின் தலையில் வந்து விழுந்தது. புதுச்சேரியில் நண்பர்களோடு சேர்ந்து படகு வைத்திருக்கிறார் என் தங்கை கணவர். "மச்சான், இருபது வருடம் ஷூ கம்பெனியில் தையல் பார்த்தவர் நீங்கள். துணியும் நூலும் உங்களுக்குத் தெரியாததா?" என்றார். நம் கட்டுமரத்தின் பெயரைக் கடன் வாங்கிய படகாயிற்றே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் தவறை நானே செய்தேன். தோலை மடித்து, நீவி, விரலால் தரம் சொல்லிப் பழகிய கை இது. வந்த சாம்பிள் துண்டுகளில் மிக விறைப்பானதை எடுத்து வைத்தேன். அந்த விறைப்பு நெசவில் இல்லை, மேலே ஏற்றிய பிசினில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது பிசின் நொறுங்கிப்போகும். அப்புறம் தளர்ந்த நெசவு மூலைவாட்டில் இழுபட்டு, பாய் தொந்தி போடும். நெடுநாள் உழைப்பது நெருக்கமாக நெய்த பாலியஸ்டர்தான்; டேக்ரான் என்று படகுக்காரர்கள் சொல்வது அதைத்தான். சாம்பிளைக் கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். கசக்கியதும் துவண்டு, வெள்ளைக் கோடுகள் விழுந்தால் தள்ளி வையுங்கள்.

அவுன்ஸ் கணக்கிலும் ஏமாறலாம். அமெரிக்கப் பாய்த் தொழிலில் ஒரு அவுன்ஸ் என்பது 36 அங்குலத்துக்கு 28.5 அங்குலத் துண்டின் எடை. பிரிட்டிஷ் கணக்கில் முழுச் சதுர கெஜத்தின் எடை. அதனால் ஒரே "8 அவுன்ஸ்" ஓரிடத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 342 கிராம், இன்னோரிடத்தில் 271 கிராம். விலைப் பட்டியலில் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்று எழுதி வாங்குங்கள்.

படகின் நீளத்தை மட்டும் சொல்லித் துணி கேட்பதும் தவறு. ஒற்றை உடல் படகு பலத்த காற்றில் சாய்ந்து கொஞ்சம் காற்றை வழியவிடும். கேட்டமரான் சாயாமல் நிற்பதால் முழு வேகமும் பாயிலும் கயிற்றிலும் இறங்கும். ஆகவே அதே நீளத்துக்குத் துணி கனமாக வேண்டும். தண்ணீர், டீசல், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய எடையைச் சொல்லுங்கள். பந்தயப் படகுகளின் அடுக்குத் துணி, அதாவது மெல்லிய படலங்களை ஒட்டிச் செய்தது, பளபளப்பாக இருக்கும்; நம் வெயிலிலும் ஈரத்திலும் அடுக்கு பிரிந்து பூஞ்சை பிடிக்கும். சுற்றுலாப் படகுக்கு வேண்டாம்.

இனி என் துறை: நூல். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டிய தார்ப்பாயைப் பாருங்கள், துணி கிழியுமுன் தையல் விட்டிருக்கும். தோலில் தையல் சற்று உள்ளே அமுங்கும். விறைத்த பாய்த் துணியில் நூல் மேலேயே துருத்தி நிற்பதால் வெயிலும் உராய்வும் அதைத்தான் முதலில் தின்னும். பழைய பாயை வாங்குவதானால் தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் முழுதும் மறுதையல்தான். புதிதாக வாங்கினால் மூன்று வரிசை வளைதையல் (ஜிக்ஜாக்) கேளுங்கள். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூலுக்கு விலை அதிகம், ஆனால் வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. நான் அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

படகின் முன்பக்கத்தில் சுருட்டி வைக்கும் பாயின் ஓரத்தில் வெயில் தடுக்கும் அக்ரிலிக் பட்டை உண்டு. சுருட்டியபின் அது வெளிப்பக்கம் வர வேண்டும். எந்தப் பக்கம் சுருளும் என்று சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் பட்டை உள்ளே ஒளிந்துகொள்ளும், பாய் வெயிலில் காயும். பெரும்பாலான கேட்டமரான்களில் பாய்மரத்தின் பின்பக்கக் கம்பி கிடையாது. பக்கக் கம்பிகளே பின்தள்ளி நிற்கும். பின்காற்றில் ஓடும்போது பெரிய பாய் அவற்றின் மேல் சாய்ந்து தேயும். அந்த இடங்களிலும், பாயை விறைப்பாக வைக்கும் குச்சிகளின் உறை முனையிலும் ஒட்டுத் துணி இப்போதே தைத்துவிட வேண்டும்.

காற்று கூடும்போது பாயைச் சுருக்கிக் கட்டுவதற்கான துளைகளில் மூன்றாவது வரிசை வேண்டாம், செலவு என்றார் மாப்பிள்ளை. சாயாத படகு எச்சரிக்கை தராது. காற்றுமானியைப் பார்த்துத்தான் சுருக்க வேண்டும். தாமதித்தால் புதுப் பாயும் ஒரே மாலையில் இழுபட்டுப் போகும். நான் வாதாடவில்லை. ஆர்டர் தாளில் மூன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன்; பில் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.